தலையோடு தலை வைத்தால் படம் போகும்: கல்யாண வீடுகளில் நேம்டிரொப் பாவித்துப் பார்த்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு போகலாம். இரண்டு ஐபோன்களின் மேல்விளிம்புகளைக் கிட்டக் கொண்டுவந்தால் தொலைபேசி இலக்கமோ படமோ ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிற வசதி ஒன்றை அப்பிள் 2023 செப்டெம்பரில், ஐபோனை இயக்குகிற மென்பொருளான ஐஓஎஸ் 17 உடன் கொடுத்தது. இலக்கம் மாற்றுவதற்கு நேம்டிரொப் என்று பெயர், படம் அனுப்புவது பழைய எயார்டிரொப்தான், ஆனால் இப்போது தொட்டாலே தொடங்கும். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுப் படம் எடுத்துச் சீவிக்கிற என் போன்றவர்களுக்கு இதைவிட உபயோகமான ஒன்று போனில் கனகாலமாக வரவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். இரண்டு பக்கமும் ஐபோனாக இருந்தால்தான் வேலை செய்யும், எங்கள் ஊர்ச் சனத்தின் கையில் பெரும்பாலும் இருப்பது அன்ட்ரோய்ட். அந்த ஐந்தாவது நட்சத்திரத்தைக் கொடுக்க மனம் வராதது அதனால்தான்.

எங்கள் வேலையில் இது ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளங்காது. இப்போதெல்லாம் தாலி கட்டி முடிந்து அறுகரிசி போடத் தொடங்கவே படம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அல்பம் பிறகு வரட்டும், அது வரும், ஆனால் கூறை மாற்றிக்கொண்டு பொம்பிளை மணவறைக்கு வருகிற அந்த ஒரு படம் இப்பவே வேண்டும், ஏனென்றால் லண்டனில் விசா கிடைக்காமல் நிற்கிற தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள், ரொறன்ரோவில் பிள்ளைப்பேற்றுக்கு நிற்கிற அக்கா நித்திரை கொள்ளாமல் இருக்கிறாள். கமராவிலிருந்து போனுக்கு வைபையில் எடுத்துவிடுவது சுலபம். போனிலிருந்து பெரியம்மாவின் போனுக்குக் கொடுப்பதுதான் எப்போதும் தலையிடி.

வட்ஸ்அப்பில் போடுங்கோ என்பார்கள். போடலாம். படத்தை அது நசுக்கிவிடும். 2023இல் எச்டி என்று ஒரு தெரிவு வந்தது, அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மூலப்படம் மூலப்படமாகப் போகாது. டொக்கியுமென்ராக அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரைக்கும் விடும், ஆனால் அதைத் தேடி எடுத்து அனுப்புவதும் மற்றப் பக்கத்தில் அதை இறக்கி கலரிக்குள் சேமிப்பதும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற காரியமா, அதுவும் பந்தி தொடங்குகிற நேரத்தில்? காணொளி என்றால் இன்னும் மோசம். ஐபோனில் 4கே தரத்தில், வினாடிக்கு 30 பிரேம் வைத்து எடுக்கிற ஒரு நிமிடம் கிட்டத்தட்ட 170 எம்பி, 60 பிரேம் என்றால் 400 எம்பி. அதை மண்டபத்துக்குள் நின்று இன்ரர்நெற்றில் ஏற்றி, பக்கத்தில் நிற்கிறவர் திரும்ப இறக்குவதென்றால் இரண்டு பேரின் டேட்டாவும் போய்விடும். ஒரு முழம் தூரத்தில் நிற்கிற ஆளுக்குக் கொடுக்கிற சாமான் எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கம்பியூட்டருக்குப் போய்த்தான் திரும்பி வரவேண்டும் என்பது எனக்கு எந்த நாளும் எரிச்சல்.

தொடாமல் பட்டியலைப் பார்த்துத் தெரிவுசெய்கிற பழைய எயார்டிரொப் 2013இலிருந்து ஐபோனில் இருக்கிறது, ஐஓஎஸ் 7 உடன் வந்தது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் அதைத் திறந்து பாருங்கள், ஐபோன், ஐபோன், யாரோ ஒருவரின் ஐபோன், பிறகு இன்னொரு ஐபோன் என்று வட்டம் வட்டமாக வரும். இதில் பெரியம்மாவுடையது எது? "உங்கட போனுக்கு என்ன பேர் வச்சிருக்கிறியள்?" என்று கேட்டால் அவவுக்குத் தெரியாது, வாங்கிக்கொடுத்த மகன் வைத்த பெயர் அது, மகன் மாப்பிள்ளைத் தோழனாக மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறான். தப்பான வட்டத்தில் கை பட்டால் பொம்பிளை வீட்டுப் படம் யாரோ முகம் தெரியாதவரின் திரையில் போய் நிற்கும்.

தொடுகை இந்தக் கேள்வியையே இல்லாமல் செய்துவிடுகிறது. எந்தப் போன் என்று எழுத்தில் சொல்லத் தேவையில்லை, நான் கிட்டக் கொண்டுபோகிற போன்தான் அந்தப் போன். இதைக் கண்டுபிடித்தவர்கள் மனிதர் கொடுக்கல் வாங்கல் செய்கிற விதத்தை வடிவாக அவதானித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

செய்கிற விதம் இதுதான். படத்தைத் திறந்து, பல படம் என்றால் தெரிவுசெய்து, பகிர்வதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு என் போனை அவருடைய போனின் மேல்விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும், முட்டத் தேவையில்லை, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தாலும் பிடிக்கும். ஒரு கணம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அந்தக் கணத்தில்தான் பலர் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். பிடித்துக்கொண்டே இருங்கள். இரண்டு திரையின் மேற்பக்கமும் ஒளிரும், தண்ணீரில் கல் விழுந்த மாதிரி ஒரு அலை கீழே இறங்கும், கைக்குள் போன் மெல்ல அதிரும். அதற்குப் பிறகு என் பக்கத்தில் பகிர், அவருடைய பக்கத்தில் ஏற்றுக்கொள். அவ்வளவுதான், படம் அவருடைய கலரிக்குள்.

அண்மையில் நல்லூரில் ஒரு கல்யாணத்தில் பொம்பிளையின் பெரியம்மா, ரொறன்ரோவில் இருந்து வந்தவ, கையில் தாம்பூலத் தட்டத்தோடு வந்து மறித்தா. "தம்பி, உந்தப் படத்தை எனக்கும் தாரும்." போனை எடுங்கோ அம்மா, பூட்டைத் திறந்துபோட்டு இப்பிடிப் பிடியுங்கோ என்றேன். தட்டத்தை இடுப்பில் ஒதுக்கிக்கொண்டு மற்றக் கையால் பிடித்தா. அந்த அலை இறங்கினதும், "ஐயோ, என்னவோ செய்யுது" என்று போனை இழுத்துவிட்டா, எல்லாம் நின்றுபோனது. இன்னொருக்கால் வையுங்கோ, ஒன்றும் செய்யாது. இரண்டாம் தரம் அசையாமல் பிடித்தா, ஏற்றுக்கொள் என்று வந்த இடத்தைத் தானே தொட்டா, படம் வந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பந்திக்குப் போகிற வழியில் அவ தன் தங்கச்சியை மறித்து, "உன்ர போனைக் கொண்டா, இப்பிடிப் பிடி" என்று தானே கொடுத்துக்கொண்டிருந்தா. வேறு எந்த வசதியையும் நான் ஒருவருக்குக் காட்டின உடனே அவர் இன்னொருவருக்குக் காட்டி நான் பார்த்ததில்லை. கையால் செய்கிற காரியம் கண்ணால் பார்த்தே பிடிபட்டுவிடுகிறது.

தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். படத்துக்கு முதல் இலக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு போனும் முகப்புத் திரையில் இருக்கும்போது கிட்ட வைத்தால் நேம்டிரொப் வரும், உங்கள் பெயரும் இலக்கமும் அவருக்கும், அவர் விரும்பினால் அவருடையது உங்களுக்கும். அதில் எந்த இலக்கம், எந்த மின்னஞ்சல் போகவேண்டும் என்று தெரிவுசெய்யலாம், வீட்டு இலக்கத்தை விட்டுவிட்டு ஸ்ரூடியோ இலக்கத்தை மட்டும் கொடுக்கலாம். அவர் வாங்க மட்டும் விரும்பினால் அதற்கும் ஒரு தெரிவு இருக்கிறது, தன்னுடையதைத் தரத் தேவையில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் படம் கேட்டு வருகிற இடத்தில் இது முக்கியம். முன்பெல்லாம் "வட்ஸ்அப் நம்பரைச் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்" என்று நாங்கள் கேட்பதே அவர்களுக்கு ஒரு சங்கடம், பக்கத்தில் நிற்கிற தகப்பனுக்கு அதைவிடச் சங்கடம். இப்போது இலக்கமே வாங்காமல் படத்தைக் கொடுத்துவிட முடிகிறது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், புளூடூத்தில் ஒன்றையொன்று கண்டுபிடித்து, இரண்டு போனுக்கும் இடையில் நேரடி வைபை இணைப்பு ஒன்றை உண்டாக்கி அதனூடாக அனுப்புகிறது. றவுட்டர் தேவையில்லை, இன்ரர்நெற் தேவையில்லை, ரீலோட் தேவையில்லை. மூலப்படம் அப்படியே போகும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் சனம்தான், தேரன்று கேட்கவே வேண்டாம், வீதி நிறைந்த சனத்துக்குள் ஒரு படத்தை இன்ரர்நெற்றில் ஏற்றுவதற்கு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த நெரிசலுக்குள் நின்று வெளிவீதியில் எடுத்த படங்களைக் கூட வேலை செய்கிற பெடியனின் போனுக்கு இப்படித்தான் மாற்றினோம், நெற்வேர்க் இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. ஐஓஎஸ் 17.1இல் இன்னொன்றும் சேர்த்தார்கள், அனுப்பிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரும் விலகிப் போனாலும் மிச்சம் இன்ரர்நெற் வழியாகப் போய்ச் சேரும். நல்ல வசதிதான், ஆனால் பெரிய காணொளி அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினால் உங்கள் டேட்டாவில்தான் போகும். செற்றிங்ஸில் எயார்டிரொப் பகுதிக்குள் மொபைல் டேட்டாவைப் பாவிக்கிற பொத்தான் இருக்கிறது, அதை நிறுத்திவிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதைப் பற்றிய பயமும் வந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் சில ஊர்ப் பொலிஸ் நிலையங்கள் பேஸ்புக்கில் எச்சரிக்கை போட்டன, பிள்ளைகளின் போனில் இதை நிறுத்திவிடுங்கள், யாராவது கிட்ட வந்து விபரத்தை எடுத்துவிடலாம் என்ற தொனியில். எங்கள் குடும்பக் குழுமத்திலும் அது சுற்றி வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் போனைக் கிட்ட வைத்தால் எல்லாம் போய்விடுமா என்று மச்சாள் கேட்டா. போகாது. உங்கள் போன் பூட்டுத் திறந்திருக்க வேண்டும், இரண்டும் கிட்டத்தட்ட முட்டுகிற தூரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அதற்குப் பிறகும் நீங்கள் பகிர் என்று அழுத்தினால்தான் ஏதாவது போகும். மினிபஸ் நெரிசலில் பக்கத்து ஆளின் போன் கிட்ட வந்து ஒளிர்ந்தாலும், இழுத்துக்கொண்டால் சரி, திரையைப் பூட்டினாலும் சரி, அதோடு நின்றுவிடும். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஒழுங்குதான். கொடுக்கிறவர் கையை நீட்டவேண்டும், வாங்குகிறவர் அசையாமல் நிற்கவேண்டும், இரண்டு பேரும் ஓம் சொல்லவேண்டும். வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவரைக் கேட்காமல் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிற ஊரில் இந்த மரியாதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் அந்தப் பொலிஸ்காரர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அப்டேட் செய்ததும் இது கேட்காமலே இயங்கத் தொடங்கியது, பலருக்குத் தங்கள் போனில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதலில் கேட்டுவிட்டு இயக்கியிருக்கலாம். வேண்டாம் என்றால் செற்றிங்ஸ், பிறகு பொது, பிறகு எயார்டிரொப், அதற்குள் கருவிகளைக் கிட்டக் கொண்டுவருவது பற்றி ஒரு பொத்தான் இருக்கும், அதை நிறுத்திவிடலாம்.

இலக்கம் போகிற பயத்தைவிட, இடம் போகிற விசயத்தில்தான் சனம் கவனமாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லுவேன். போனால் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு இருக்கும். எயார்டிரொப்பில் மூலப்படம் போகும்போது அதுவும் கூடப் போகிறது. வீட்டில் நடந்த பொன்னுருக்கலில் நகை போட்ட பிள்ளையின் படத்தை, அது எந்த வீடு என்ற குறிப்போடு ஊருக்கெல்லாம் ஏன் கொடுக்கவேண்டும்? பகிர்வதற்கான பட்டியல் வரும்போது மேலே தெரிவுகள் என்று சின்னதாக ஒன்று தெரியும், அதற்குள் போய் இடத்தை நிறுத்திவிட்டு அனுப்புங்கள். நான் கல்யாண வீட்டுப் படம் எதையும் இதைச் செய்யாமல் கொடுப்பதில்லை.

தொட்டுக் கொடுப்பது அப்பிளின் கண்டுபிடிப்பு என்று இப்போது நினைக்கிற பெடியளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது பழைய ஆசை. நொக்கியா 6600 காலத்தில், அது 2003இல் வந்த போன், இன்பிராரெட் என்று ஒன்று இருந்தது. இரண்டு போனையும் மேசையில் மூக்குக்கு மூக்கு வைத்து, ஒருவரும் மேசையை ஆட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எங்கள் தலைமுறையில் கனபேர். பிறகு 2009இல் பம்ப் என்று ஒரு செயலி வந்தது, இரண்டு பேர் கையில் போனை வைத்துக்கொண்டு முட்டினால் இலக்கம் மாறும். அந்த வருடம் ஏப்ரலில் அப்பிளின் அப் ஸ்ரோரில் நூறு கோடியாவது தடவையாக இறக்கப்பட்ட செயலி அதுதான். அது எப்படி வேலை செய்தது என்றால், உண்மையில் போன்கள் ஒன்றோடொன்று கதைக்கவேயில்லை. போனுக்குள் இருக்கிற அசைவு உணரி முட்டினதைக் கண்டுபிடித்து, நேரத்தையும் இடத்தையும் இன்ரர்நெற் வழியாகக் கம்பனியின் சேர்வருக்குச் சொல்லும், அதே நேரம் அதே இடத்தில் முட்டின இன்னொரு போன் எது என்று சேர்வர் தேடிச் சோடி சேர்க்கும். நல்ல மூளை. ஆனால் இன்ரர்நெற் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, இரண்டு பேரிடமும் அந்தச் செயலி இருக்கவும் வேண்டும். 2013இல் கூகுள் அந்தக் கம்பனியை வாங்கி, 2014 ஜனவரி முடிவில் பம்பை மூடிவிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லீப் கூகுளுக்குப் போய்க் கூகுள் போட்டோஸ் வேலையை முன்னின்று செய்தார், நாங்கள் இன்றைக்குக் கல்யாண அல்பத்தை லிங்காக அனுப்புகிற அதே கூகுள் போட்டோஸ்.

அன்ட்ரோய்டிலும் தொடுகை இருந்தது, அதைத்தான் என்னால் ஆற முடியவில்லை. 2011இல் அன்ட்ரோய்ட் 4.0 உடன் பீம் வந்தது. இரண்டு போனின் முதுகையும் சேர்த்தால் திரையில் இருப்பது சுருங்கி நிற்கும், தொட்டால் மற்றப் பக்கம் போகும். என்எப்சி என்கிற, சில சென்ரிமீற்றருக்குள் மட்டும் வேலை செய்கிற தொடர்பால் சோடி சேர்த்துப் புளூடூத்தால் அனுப்பினார்கள், அதனால் பெரிய படம் என்றால் ஆமைவேகம். அடுத்த வருடமே சாம்சுங் கலக்ஸி எஸ்3இல் எஸ் பீம் என்று கொண்டுவந்து, தொடுவதற்கு என்எப்சி, அனுப்புவதற்கு நேரடி வைபை என்று பிரித்தது. அப்பிள் 2023இல் கொண்டுவந்ததுக்கும் இதுக்கும் எண்ணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ் பீம் சாம்சுங்குக்குள்ளேயே நின்றது. கூகுள் 2019இல் அன்ட்ரோய்ட் 10 உடன் பீமைக் கைவிட்டது. அடுத்த வருடம் நியபை ஷெயார் என்று மாற்று ஒன்று வந்தது, வேகம் நல்ல வேகம், ஆனால் தொடுகை போய்விட்டது, பட்டியல் திரும்பி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் அதையும் சாம்சுங்கின் குவிக் ஷெயாரையும் ஒன்றாக்கி, இப்போது எல்லாம் குவிக் ஷெயார் என்ற ஒரே பெயர். வேகக் குறையைத் திருத்தி வைத்துக்கொண்டு, நல்லாய் இருந்த தொடுகையைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

குவிக் ஷெயாரைக் குறைத்துச் சொல்லவில்லை. அன்ட்ரோய்ட் வைத்திருக்கிற சொந்தக்காரருக்கு நான் கொடுப்பது அதனால்தான், அதற்கென்றே இரண்டாவது போன் ஒன்று அன்ட்ரோய்டில் வைத்திருக்கிறேன். அதுவும் இன்ரர்நெற் இல்லாமல் நேரடி வைபையில் மூலப்படத்தை அனுப்பும், வின்டோஸ் கம்பியூட்டருக்கும் செயலி இருக்கிறது, கமராக் கார்ட்டிலிருந்து மடிக்கணினியில் ஏற்றின படத்தை அங்கேயிருந்தே போனுக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்குகிறவர் தன்னை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பத்து நிமிடத்துக்கு மாற்றவேண்டும், புளூடூத், வைபை, இருப்பிடம் மூன்றும் இயங்க வேண்டும். மாமா ஒருவரின் கையில் இதைச் செய்து முடிக்க, போனை அவர் என்னிடமே தந்துவிடுகிறார், அவருடைய வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் மேலே வந்து போகிற போன். அது எனக்குச் சரியாகப் படுவதில்லை. கியூஆர் காட்டி ஸ்கான் பண்ணவைக்கிற வழி இப்போது குவிக் ஷெயாருக்குள் இருக்கிறது, அது எவ்வளவோ மேல். கடைகளில் லங்கா கியூஆர் ஒட்டிவைத்துக் காசு வாங்குவதால் ஸ்கான் பண்ணுகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு வந்துவிட்டது, "கமராவைப் பிடியுங்கோ" என்றால் விளங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வேலி கொஞ்சம் சரியத் தொடங்கியிருக்கிறது. 2025 நவம்பரில் கூகுள், தன்னுடைய பிக்சல் 10 போன்களில் குவிக் ஷெயாரிலிருந்து ஐபோனின் எயார்டிரொப்புக்கு நேரடியாக அனுப்பவும் வாங்கவும் முடியும் என்று அறிவித்தது, ஐபோன்காரர் எல்லோருக்கும் பத்து நிமிடம் என்ற தெரிவில் வைத்திருக்க வேண்டும். பிக்சலை யாழ்ப்பாணத்தில் கையில் காண்பதே அரிது. எல்லா அன்ட்ரோய்டுக்கும் இது வந்துசேர்ந்து, அதோடு பழைய பீமின் தொடுகையையும் திரும்பச் சேர்த்தால் நான் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தை இரண்டு கம்பனிக்கும் சேர்த்தே கொடுப்பேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பொம்பிளை வீட்டார் ஒரு பக்கம் என்று பிரித்துக் கதிரை போடுகிறோம், சரி, அது சம்பிரதாயம். வெளிநாட்டில் இருந்து வந்த தமக்கைக்குத் தொட்டவுடன் படமும், ஊரில் இருந்து எல்லா வேலையும் செய்த தங்கச்சிக்குப் "பிறகு அனுப்பிவிடுறன்" என்ற பதிலும் கொடுக்கும்போது, அந்தத் தங்கச்சியின் முகத்தை நான்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

அதனால் நான் இப்போது செய்கிற இன்னொரு வழியையும் எழுதிவிடுகிறேன், எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு உதவும். என்எப்சி ஸ்ரிக்கர் என்று வட்டமாக ஒட்டுகிற சாமான் ஒன்லைனில் வாங்கலாம், சின்னச் சாமான், பற்றரி இல்லை, போனைக் கிட்ட வைத்தால் அந்தப் போனின் சக்தியிலேயே இயங்கும். அதற்குள் படம் வைக்க முடியாது, பரவலாகக் கிடைக்கிற வகையில் 144 பைற் மட்டும்தான் இடம், ஆனால் ஒரு லிங்க் வைக்க அது தாராளம். என்எப்சி ரூல்ஸ் என்ற செயலி இரண்டு வகைப் போனுக்கும் இருக்கிறது, அதனால் எழுதிவிடலாம். அன்றைய கல்யாணத்தின் அல்பம் இருக்கிற லிங்கை எழுதி, ஒரு மட்டையில் ஒட்டி, அதற்குப் பக்கத்தில் அதே லிங்கின் கியூஆரையும் அச்சடித்து வரவேற்பு மேசையில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் மேலே எல்லாமே செயலி ஒன்றும் திறக்காமல் அதை வாசிக்கும், என்எப்சி உள்ள அன்ட்ரோய்டும் வாசிக்கும். என்எப்சி இல்லாத மலிவான போன்கள் கனக்க இருக்கின்றன, அவர்களுக்குத்தான் கியூஆர். இன்ரர்நெற் தேவைப்படும், மூலத்தரம் நீங்கள் ஏற்றுகிற விதத்தைப் பொறுத்தது, ஆனால் அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே மட்டை. ஒரு விசயம் கவனம், எழுதி முடித்ததும் ஸ்ரிக்கரைப் பூட்டிவிடுங்கள், பூட்டாவிட்டால் யாரும் தன் போனால் வேறு லிங்கை எழுதிவிடலாம். பூட்டினால் பிறகு நீங்களும் மாற்ற முடியாது. ஆகவே கல்யாணத்துக்கு ஒன்று புதிதாக எடுங்கள். இரும்பு மேசையில் நேரே ஒட்டினாலும் வாசிக்காது, மட்டை தடிப்பாக இருக்கட்டும்.

கடைசியாக, இதற்காக ஐபோன் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு. வேண்டாம், இந்த ஒன்றுக்காக அவ்வளவு காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து யாராவது தங்கள் பழைய ஐபோனை அனுப்பியிருந்தால், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிறகு வந்ததென்றால் ஐஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிறகு வந்த அப்டேட் போட்டுக்கொண்டு இதைப் பாவிக்கலாம், எக்ஸ், 8, 7 என்றால் அந்த அப்டேட்டே வராது. கஸ்தூரியார் வீதிக் கடைகளில் பாவித்த ஐபோன் பார்க்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் கடைக்காரரின் ஐபோனோடோ கூட வந்தவரின் ஐபோனோடோ தலையோடு தலை வைத்துப் பாருங்கள். ஒளிராவிட்டால் முதலில் செற்றிங்ஸில் அந்தப் பொத்தானைப் பாருங்கள். அது இயங்கியும் ஒளிராவிட்டால், உள்ளே எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று கடைக்காரரிடம் நேரே கேளுங்கள், திருப்தியான பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.